படத்தில் இருப்பவர் யார்?

ஜாதவ்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை



குடும்ப உறவுகளைச் சொல்லும் குழந்தைப் படநூல்களைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வே அலுவலகக் கோப்புகளோடு வாழ்நாளில் பாதியைக் கழித்த நமக்கு இப்பொருளில் என்ன தகுதி என்று அன்பர்கள் எண்ணக்கூடும். சிறிது உண்டு. உறவுமுறை என்னும் கட்டம் இல்லாத படிவம் எங்கள் அலுவலகத்தில் அரிது. பாஸ் விண்ணப்பத்தில் அக்கட்டம் உண்டு. வைப்பு நிதிக்கு வாரிசு குறிக்கும் தாளில் உண்டு. ஓய்வூதியத் தாளிலும் உண்டு. விடுப்பு விண்ணப்பங்களிலோ 'அங்கிள் காலமானார்' என்று எழுதி வரும். காலமானவர் தந்தையின் தமையனா, தாயின் தம்பியா, அத்தையின் கணவரா, அல்லது அடுத்த வீட்டுக்காரரா என்பதை அச்சொல்லைக் கொண்டு பிரமதேவனாலும் அறிய இயலாது. எழுதியவர் வங்காளியாயின் வாய்விட்டுக் கேட்போம், 'ஜேட்டா' என்பார். தந்தைக்கு மூத்தவர் என்பது விளங்கிவிடும். தமிழராயின் 'பெரியப்பா' என்பார். நம் குழந்தைகளிடம் இதே வினாவை விடுத்தால் என்ன விடை வரும் என்பதே இன்று நம் கவலை.

சிறு குழந்தை கையில் எடுக்கும் முதல் நூலில் எழுத்துக்கு வேலை குறைவு. அது ஆளைப் பார்க்கிறது, 'இது யாரு?' என்று கேட்கிறது. மடியில் வைத்திருப்பவர் சொல்லும் சொல்லே அதற்கு நூலின் பாடம். அமெரிக்காவில் பி. டி. ஈஸ்ட்மன் என்பவர் 1960-இல் ஒரு படநூல் வெளியிட்டார். தாய் இரை தேடிச் சென்ற வேளையில் முட்டையினின்று வெளிவந்த குஞ்சு, பூனையையும் கோழியையும் நாயையும் பசுவையும் கண்டு, நீதான் என் தாயோ என்று வினவிச் செல்லும் கதை. உலகெங்கும் குழந்தைகள் விரும்பிய நூல். இதைத் தமிழில் சொல்வதில் இடர்ப்பாடு ஏதுமில்லை. தாய் எம்மொழியிலும் தாய்தான். இடர்ப்பாடு இரண்டாம் படியில் தொடங்குகிறது.

ஆங்கிலப் படநூல் ஒன்றில் ஒருவர் குடையும் பையுமாக வாசலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே 'அங்கிள் வந்தார்' என்றிருக்கிறது. இதைத் தமிழாக்குபவர் என்ன எழுதுவார்? பெரியப்பா, சித்தப்பா, மாமா, சித்தியின் கணவர் ஆகிய அனைவரும் அந்த ஒரு குடையின்கீழ் நிற்கின்றனர். தலை நரைத்திருந்தால் பெரியப்பா என்று ஊகிக்கலாம். ஆனால் தந்தை வழியா தாய் வழியா என்பதை நரையைக் கொண்டு அறிய முடியுமா? பெரும்பாலும் 'மாமா' என்று எழுதி முடித்துவிடுவார்கள். அடுத்த பக்கத்தில் பாட்டியை அவர் 'அம்மா' என்று அழைப்பார். அந்தப் பாட்டியோ தந்தையைப் பெற்றவளாக இருப்பாள். பெரியவர் கண்ணில் இது படுவதில்லை. குழந்தையின் உள்ளத்தில் முடிச்சு விழுந்துவிடுகிறது.

இஃது அற்பச் செய்தி என்று தள்ளுவாரும் உளர். நம் உறவுச் சொற்களின் அமைப்பைச் சிறிது நோக்கினால் அவ்வாறு தள்ள மனம் வராது. தந்தையின் உடன்பிறந்தார் தமிழில் தந்தையே. பெரிய தந்தை, சிறிய தந்தை. தாயின் உடன்பிறந்தாளும் தாயே, பெரியம்மா, சின்னம்மா. தாயுடன் பிறந்த ஆணும் தந்தையுடன் பிறந்த பெண்ணும் மறுபக்கத்தார். ஆகவே மாமன், அத்தை என வேறு பெயர் பெற்றனர். லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க அறிஞர், தம் நாட்டுச் செனிகா என்னும் செவ்விந்தியக் குடியினரின் உறவுச் சொற்களை ஆராய்ந்தபோது, அவற்றின் அமைப்பு தமிழருடைய அமைப்போடு பெரிதும் ஒத்திருப்பது கண்டு வியந்தார். இரண்டையும் அருகருகே வைத்து 1871-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். கடலுக்கு அப்பாலுள்ள ஓர் அறிஞர் அட்டவணையிட்டுப் போற்றிய சொற்களை, அவற்றுக்கு உரிய குழந்தைகள் 'அங்கிள், ஆன்ட்டி' என்ற இரண்டனுள் அடக்கிவிடுகிறார்கள்.

நிற்க. நாம் வாழும் இவ்வங்க நாட்டைப் பாருங்கள். தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தார் கிராமந்தோறும் சென்று முதிய பெண்டிரிடம் கேட்டுத் தொகுத்த கதைகள் 1907-இல் 'டாக்குர்மார் ஜூலி' என்று வெளிவந்தன. படங்களும் அவரே வரைந்தார். டாக்குர்மா என்றால் வெறும் பாட்டி அல்லள். தந்தையைப் பெற்ற பாட்டி. ஜூலி என்பது பை. பின்னர் தாத்தாவின் பையும் வந்தது. தாயைப் பெற்ற தாத்தாவுக்கெனத் தனிப் பையும் வந்தது. நூலின் பெயரிலேயே உறவு முறை பிசகாமல் நிற்கிறது! முதல் நூலுக்கு முன்னுரை வழங்கிய இரவீந்திரநாத தாகூர், பாட்டியின் பைகூட மான்செஸ்டர் ஆலையிலிருந்து வரத் தொடங்கிவிட்டதே என்று வருந்தினார். சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது.

1910-இல் உபேந்திரகிஷோர் ராய்சௌதுரி வெளியிட்ட 'டுன்டுனிர் போய்' என்னும் நூலில் புலி மாமன், நரி மருமகன். மாமனை ஏய்ப்பதே மருமகனுக்குத் தொழில். விலங்குகளுக்குக்கூட முறை சொல்லாமல் கதை சொல்ல வங்காளிகளுக்கு வாராது. பூனையைப் 'புலியின் மாஷி' என்பர். தாயின் உடன்பிறந்தாள் என்பது பொருள். வானத்து நிலவும் அவர்களுக்கு மாமா, நமக்கும் மாமா. 1947-இல் சென்னையில் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழை இங்குள்ள முதியோர் பலர் எழுத்துக்கூட்டிப் படித்திருப்பீர்கள். இன்று அது நின்றுபோயிற்று.

உபேந்திரகிஷோர் 1913-இல் தொடங்கிய 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழின் வரலாறே ஒரு குடும்பப் படநூல் போன்றது. அவருக்குப் பின் மகன் சுகுமார் நடத்தினார். நின்றுபோன இதழை 1961-இல் பேரன் சத்யஜித் ராய் மீண்டும் உயிர்ப்பித்தார். பின்னர் அவரோடு ஆசிரியப் பொறுப்பேற்ற லீலா மஜும்தார், சுகுமாருடைய சிற்றப்பாவின் மகள். ஆங்கிலத்தில் இவ்வுறவைச் சொல்ல ஒரு வாக்கியம் முழுதும் வேண்டும். வங்காளத்தில் 'பிஷி' என்றால் போதும். தமிழில் 'அத்தை' என்றால் போதும். மற்றோர் ஆசிரியர் நளினி தாஸ், சுகுமாருடைய தங்கையின் மகள். இங்கேதான் நமக்கும் அவர்களுக்கும் பாதை பிரிகிறது. வங்காளிகளுக்கு அத்தை மகள் தமக்கை முறை, 'தீதி'. நமக்கோ அத்தை மகள் அத்தை மகளே, அக்காள் ஆகமாட்டாள். மாமன் மகளை மணப்பது நம்மவரில் பலருக்கு உரிமையாக இருந்தது. இவர்களுக்கு அது நினைக்கவும் கூடாத செயல்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து நம் சிறுமியர் மாமன் மகனை 'தாதா' என்று அழைப்பது கண்டு சில பெரியவர்கள் சினம் கொள்கின்றனர். அச்சினத்தில் நாம் பங்குகொள்ள இயலவில்லை. நெருங்கிய இரத்த உறவில் மணம் முடிப்பதால் பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்று மருத்துவர் கூறுகின்றனர்; அவ்வழக்கம் குறைவதே நன்று. ஆனால் வழக்கம் போகிறதென்று அத்தை என்ற சொல்லும் உடன் போகவேண்டுமா? மணமுறைக்கு அப்பாலும் அத்தைக்கு நம் வீட்டில் இடமும் உரிமையும் உண்டல்லவா?

இரு மொழிகளின் சொற்கள் குழந்தையின் வாயில் மோதுவதும் உண்டு. தந்தையின் தம்பியை வங்காளத்தில் 'காக்கா' என்பர். ஊரிலிருந்து புதிதாக வந்த பாட்டியிடம் பேரன் 'காக்கா வந்திருக்கார்' என்று ஓடிவந்தால், பாட்டி சோற்றுப் பருக்கையோடு சன்னல் பக்கம் போவாள். 'தாதா' இங்கே தமையன். ஒரு தகர ஒற்றைச் சேர்த்தால் நமக்குத் தாத்தா. இத்தகைய மயக்கத்தைத் தீர்க்க அறிவுரையைவிடப் படம் வலியது. ஒரே பக்கத்தில் ஆளை வரைந்து, மேலே தமிழிலும் கீழே வங்காளத்திலும் முறையை எழுதிவிட்டால் நான்கு வயதுக் குழந்தை ஒரு மாலையில் அறிந்துகொள்ளும்.

அத்தகைய நூல் கிடைக்கிறதா? தமிழில் குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் குறைவில்லை. வங்கிப் பணியில் இருந்துகொண்டே குழந்தைகளுக்காக வாழ்நாள் முழுதும் எழுதிய அழ. வள்ளியப்பாவை அறியாதார் யார்? வண்ணப் படநூல்கள் பெருகியது பிற்காலத்தில்தான். டில்லியில் கேலிச் சித்திரக்காரர் சங்கர் நிறுவிய குழந்தைகள் புத்தக அறக்கட்டளையும், அரசின் நேஷனல் புக் டிரஸ்டும் 1957-இல் தோன்றின. சென்னையில் 1996-இல் தோன்றிய தூலிகா பதிப்பகம் தமிழிலும் வங்காளத்திலும் பிற மொழிகளிலும் படநூல்களை வெளியிடுகிறது. அவர்கள் 2006-இல் வெளியிட்ட, அம்மாவின் சேலையைப் பற்றிய நூல் நம் நெஞ்சைக் கவர்ந்தது. சந்தியா ராவ் எழுத, நீனா சப்னானி படம் அமைத்தார். சேலைக்குள் ஒளிந்தும் அதையே ஊஞ்சலாகவும் துடைக்கும் துணியாகவும் கொண்டும் குழந்தை விளையாடுகிறது. உறவுக்கு விளக்கம் கூறாமலே உறவைக் காட்டிவிட்ட நூல் அது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் இணைய நூலகத்தில் தமிழ்ப் படநூல்களும் வங்காளப் படநூல்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. படியெடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு.

வாங்கும்போது ஒன்றை நோக்குங்கள். ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த நூலாயின், 'மாமா' என்றும் 'அத்தை' என்றும் உள்ள இடங்களில் கதையோடு முறை ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் நூலைத் தள்ளவேண்டா. பென்சிலால் திருத்திப் படித்துக் காட்டுங்கள். அச்சில் உள்ளதை மாற்றலாமா என்று அஞ்சவும் வேண்டா. வங்காளத்திலிருந்து பெயர்த்த நூல் பெரும்பாலும் இத்தொல்லை தராது. காகா, ஜேட்டா, மாஷி, பிஷி என்று அவர்களே நமக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

எனினும் நம் குடியிருப்புக் குழந்தையின் குடும்பத்தைச் சொல்லும் நூலை எந்தப் பதிப்பகமும் அச்சிடப் போவதில்லை. ஊரில் வளரும் பிள்ளைக்கு மாமன் வீடு நாலு தெரு தள்ளி. நம் பிள்ளைக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். கோரமண்டல் வண்டியில் இரவும் பகலும் கழித்துச் சென்னை சேர்ந்து, அங்கிருந்து மதுரைக்கோ நெல்லைக்கோ மற்றொரு வண்டி. ஆண்டுக்கு ஒருமுறை செல்வோர் நற்பேறு பெற்றோர். இடைப்பட்ட நாளில் கைப்பேசித் திரையில் முகம் தெரிகிறது. 'சொல்லு, சொல்லு' என்று தாய் தூண்ட, குழந்தை 'ஹலோ ஆன்ட்டி' என்று கூறி ஓடிவிடுகிறது. அந்தப் பக்கம் அத்தையின் முகம் வாடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவள் ஒன்றும் கூறுவதில்லை. அண்ணன் குழந்தைக்குப் பாவாடை தைத்து அனுப்பியவள், 'குழந்தைதானே' என்று சிரித்துக்கொள்வாள்.

ஆதலின் இவ்வாண்டு சங்கத்தின் சார்பில் வீட்டுக்கு ஒரு படநூல் செய்வோம் என்று முன்மொழிகின்றோம். செலவு பெரிதன்று. அலுவலகத்தில் புழங்கும் ஏ4 தாள் நான்கை நடுவில் மடித்துத் தைத்தால் 16 பக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரு உறவினர். பாஸ்போர்ட் படம் ஒட்டுவதுபோல் முகத்தை மட்டும் ஒட்டினால் அலுவலகக் கோப்பாகிவிடும். அவர் என்ன செய்கிறார் என்பதைக் குழந்தையே வரையவேண்டும். காதுகுத்தில் மடியில் வைத்துக்கொண்ட மாமா. வடகம் பிழியும் பெரியம்மா. திண்ணையில் செய்தித்தாளோடு உறங்கும் பெரியப்பா. வங்காளிகளிடத்தும் குழந்தைக்கு முதற்சோறு ஊட்டுவதில் மாமனுக்கு உரிமை உண்டு. அதையும் எதிர்ப்பக்கத்தில் வரைந்தால் பக்கத்து வீட்டுத் தோழர்களும் ஆவலோடு படிப்பார்கள்.

ஒரு பக்கத்தைப் பக்கத்து வீட்டுக் 'காக்கிமா'வுக்கு ஒதுக்குமாறு வேண்டுகிறோம். காக்கிமா என்பது சித்தப்பாவின் மனைவி. 1947-இல் நாடு பிரிந்தபின், கிழக்கு வங்கத்தில் வீடு வாசலை விட்டு வந்தவர்கள் இந்த ஜாதவ்பூரைச் சுற்றிக் குடியேறினர். விஜயகட் முதலிய குடியிருப்புகள் அவ்வாறு எழுந்தவையே. உற்றார் பல திசைகளிலும் சிதற, அண்டை வீட்டாரையே காகு என்றும் மாஷிமா என்றும் அழைத்து வாழ்ந்தனர். நாம் அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை நம் பிள்ளைக்குப் பொரியும் பாலும் கொடுத்துக் காப்பவள் யார்? அவளுக்கு ஆன்ட்டி என்ற பெயர் போதாது.

சங்க அறையில் அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்குவோம். பெற்றோர் இருவரும் தத்தம் பக்கத்து உறவினரின் பெயரும் முறையும் எழுதிய பட்டியலோடு வருக. முறையில் ஐயம் தோன்றினால் ஊரிலுள்ள முதியோரை இவ்வாரமே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்க. அவர்கள் மகிழ்ந்து அரைமணி நேரம் பேசுவார்கள். வண்ணப் பென்சில்களைக் குழந்தைகள் கொண்டுவரட்டும். தாளும் ஊசியும் நூலும் நம் பொறுப்பு.