தாழொலியும் தமிழ்ச் சொல்லும்



இலக்கணமும் அகராதியும் பேசப்பெறும் இவ்வரங்கில், வீட்டுக் கூடத்தில் கருநிறப் பெட்டியாகக் கிடக்கும் ஓர் ஒலிக்கருவியைப் பற்றிப் பேசப்போகிறோம். கடைக்காரர் அதனைச் சப்வூஃபர் என்பார். இசையிலும் திரைப்படத்திலும் வரும் மிகத் தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்புவது அதன் பணி. மொழியியல் கற்பித்து ஓய்வுபெற்ற நாம், இசை கேட்கும் ஆசையால் ஒன்றை வாங்கிப் பிழைபட அமைத்து, வீட்டிலும் அண்டைவீட்டிலும் மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு ஆளானோம். அப்பிழையைத் திருத்த நமக்குக் கைகொடுத்தது நாம் கற்ற ஒலியியலே. ஆதலின் இப்பொருள் இவ்வரங்குக்கு முற்றும் அயலானதன்று.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் நாய் குரைக்கும் ஒலியிலிருந்து வூஃபர் என்பதும், சிறுபறவை கீச்சிடும் ஒலியிலிருந்து டுவீட்டர் என்பதும் பிறந்தன. இதைக் கேட்டு நகைக்க வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் முழங்கும் உறுமியும் உறுமுதல் என்னும் ஒலிக்குறிப்பால் பெயர்பெற்றதே. நாம் இங்கே தாழொலிபெருக்கி என்ற சொல்லை ஆள்கிறோம்; ஆயினும் அதில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘பெருக்கி’ என்றவுடன் வாங்குவோரின் மனம் பெருக்குவதிலேயே நின்றுவிடுகிறது. பழந்தமிழிசை ஒலிநிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தது. தாழ்ந்த சுரங்கள் மெலிவு, உயர்ந்தவை வலிவு. இன்றோ தாழொலியே வலிமை என்று விற்கப்படுகிறது. சொல் தலைகீழாயிற்று, பெட்டியை அமைக்கும் முறையும் அதனோடு தலைகீழாயிற்று என்பது நம் எண்ணம்.

நம் வீடு ஜோர்ஜ்டவுனில் பலரும் வாழ்வது போன்ற ஒரு வரிசைவீடு. இரு பக்கமும் பொதுச்சுவர். கூடத்தின் அகலம் நான்கு மீட்டர், நீளம் ஆறு மீட்டர். பெட்டியைக் கண்ணுக்கு மறைவாக மூலையில் தள்ளிவிட்டு, கூடத்தின் நட்டநடுவில் இருந்த சாய்நாற்காலியில் அமர்ந்து, இளையராஜாவின் பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டோம். பேஸ் கிட்டாரின் நடையைக் கேட்கவே அவர் பாடல்களை மீண்டும் மீண்டும் நாடுவோர் உளர். நாமும் அவருள் ஒருவர். எதிர்பார்த்த நிறைவு வரவில்லை. குமிழைத் திருகினோம். மேலும் திருகினோம்.

சுவரோரம் தம் நாற்காலியில் இருந்த நம் மூத்த தமக்கையார் சொன்னார்: “தம்பி, மேளம் நல்லாக் கேக்குது. அவரு என்ன பாடுறாருன்னுதான் விளங்கல.” எண்பதைக் கடந்தவர், செவி தளர்ந்துவிட்டது என்று நாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. மறுநாள் மாலை, அண்டைவீட்டு ஹொக்கியன் மூதாட்டியார் வாயிலில் வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. நம்மைத் தம் வீட்டிற்குள் அழைத்துச் சென்று, நம் கையைப் பிடித்துப் பொதுச்சுவரின்மேல் வைத்தார். நம் வீட்டில் பேரன் அதே பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தான். சுவர் அதிர்ந்தது. எதிரே கண்ணாடி அலமாரியில் கிண்ணங்கள் நடுங்கின. நமக்கு நாணம் மேலிட்டது.

இதில் நடந்தது என்ன? நம் ஊரின் 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்லும். எனவே 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர் நீளமுடையது, கூடத்தைவிடப் பெரியது. இத்தகைய அலை இரு சுவர்களுக்கிடையே மோதி மீளும்போது, சுவர்களின் இடைவெளி அரை அலைக்குச் சமமானால் அது அங்கேயே நிலைகொண்டுவிடும். நான்கு மீட்டர் அகலத்திற்கு அந்த அலைவெண் 44 ஹெர்ட்ஸை ஒட்டியது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அதற்கு அடுத்த சுரம் ஏறத்தாழ 44. இவ்வாறு நிலைகொள்ளும் அலையின் அழுத்தம் சுவர்களை ஒட்டி மிகுந்தும் அறையின் நடுவில் மிகக் குறைந்தும் இருக்கும். மூலையோ அதனை முழு வீச்சில் தூண்டிவிடும் இடம். நடுவில் அமர்ந்த நமக்கு ஒலி போதவில்லை. நாம் கூட்டக் கூட்டச் சுவரோரத் தமக்கையாருக்கும் சுவருக்கு அப்பாலிருந்த மூதாட்டியாருக்கும் இடியாயிற்று. அவ்வறையில் உண்மையை அறியாதவர் குமிழைப் பிடித்திருந்த நாம் மட்டுமே.

தமக்கையாரின் செவியையும் நாம் குறைகூறியிருக்கலாகாது. உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அலைவெண்களில் உள்ளது. மெய்களை வேறுபடுத்தும் ஒலிக்கூறுகளோ மேலே, மெலிதாக உள்ளன. வலி, வளி, வழி என்பவற்றைப் பிரித்தறிய உதவும் கூறுகளுள் முதன்மையானவை ஏறத்தாழ 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை அமைகின்றன. சகரத்தின் உரசல் அதனினும் உயரத்தில். உரத்த தாழொலி தனக்கு மேலுள்ள ஒலிகளைச் செவிக்குள்ளேயே மூடிவிடும் இயல்புடையது. உயரொலி தாழொலியை அந்த அளவுக்கு மூடுவதில்லை. முதுமையில் தேய்வதும் உயரொலி கேட்கும் திறனே. ஆகவே மூத்தோர் இருக்கும் வீட்டில் மிகைப்பட்ட தாழொலி முதலில் விழுங்குவது மெய்யெழுத்துகளை. பாட்டு இருக்கும், சொல் இராது.

இடம் தேர்வதற்கு ஒரு வழி உண்டு, பார்ப்பவர் நகைப்பர். பெட்டியைக் கேட்பவரின் இருக்கையில் ஏற்றிவைத்து, பேஸ் கிட்டார் நடை ஒன்றை ஒலிக்கவிட்டு, அறையைச் சுற்றித் தவழ வேண்டும். எங்கே ஒவ்வொரு சுரமும் ஒத்த அளவில் தெளிந்து கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைக்கலாம். மூலத்தையும் செவியையும் இடம் மாற்றினாலும் அவற்றிடையே ஒலி செல்லும் முறை மாறாது என்பதே இதன் அடிப்படை. முதலில் நம் நாற்காலியிலும் பின்னர்த் தமக்கையாரின் நாற்காலியிலும் பெட்டியை வைத்துத் தவழ்ந்தோம். முழங்கால் வலித்தது, பேரன் கைப்பேசியில் படம் எடுத்தான். ஈற்றில் முன்சுவரை ஒட்டி, அகலத்தின் நடுவிலிருந்து ஒரு முழம் தள்ளிய இடம் அமைந்தது. முன்பு சொன்ன 44 ஹெர்ட்ஸ் அலையைப் பெட்டி அங்கிருந்து அவ்வளவாகத் தூண்டுவதில்லை.

அடுத்து எல்லை வகுத்தல். எந்த அலைவெண்ணுக்குக் கீழே பெட்டி பேசவேண்டும் என்பதைக் கிராஸ்ஓவர் என்னும் அமைப்பு முடிவுசெய்கிறது. டி.எச்.எக்ஸ். தரநிலை 80 ஹெர்ட்ஸ் என்கிறது. மொழியியல் நோக்கிலும் அது நல்ல எல்லை. ஆடவர் பேச்சுக்குரலின் அடிப்படை அலைவெண் பொதுவாக 100 ஹெர்ட்ஸை ஒட்டியும் மேலும் இருக்கும். பெண்டிர் குரல் 200ஐ ஒட்டி. எல்லையை 150க்கு ஏற்றினால் பாடகரின் குரலில் ஒரு பகுதி பெட்டிக்குள் இறங்கிவிடும். அவர் தரையிலிருந்து பாடுவதுபோல் தோன்றும். 80க்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவி எளிதில் அறியாது. ரிசீவரின் பட்டியலில் முதன்மை ஒலிபெருக்கிகளை ‘லார்ஜ்’ என்பதா ‘ஸ்மால்’ என்பதா என்று ஒரு கேள்வி வரும். தம் ஒலிபெருக்கியைச் சிறிது என்று ஒப்ப யாருக்கு மனம் வரும்? ஆனால் ‘ஸ்மால்’ என்றால்தான் தாழொலி பிரிந்து பெட்டிக்குச் செல்லும். பெயரால் மயங்குவதற்கு இது இரண்டாவது சான்று.

பெட்டியின் பின்புறம் 0, 180 என்று பொறித்த மாற்றி ஒன்றுண்டு. பெட்டி தள்ளும்போது முதன்மை ஒலிபெருக்கிகள் இழுத்தால், எல்லையை ஒட்டிய ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒருவர் இருக்கையில் அமர, மற்றவர் மாற்றியைத் தள்ள, எந்நிலையில் ஒலி நிறைகிறதோ அதுவே சரி.

அளவுதான் அரிது. மிருதங்கத்தின் இடந்தலையாகிய தொப்பியில் கச்சேரிக்குமுன் ரவைப் பசையை அப்புவர். கூடினால் நாதம் அமுங்கும். குறைந்தால் வெறும் தோலோசை. வலந்தலையின் சொற்கட்டு தெளிய எவ்வளவு வேண்டும் என்பதை வித்துவானின் காது அறியும். பெட்டிக்கும் அதே காது வேண்டும். குமிழை முற்றும் தணித்துத் தொடங்கி, தாழொலி தனியே தெரியும்வரை ஏற்றி, அங்கிருந்து சற்று இறக்கினோம். வழக்கமாகக் கேட்கும் ஒலியளவிலேயே இதைச் செய்தல் வேண்டும். ஒலி தணியத் தணியச் செவி தாழொலியையே முதலில் இழக்கும் என்பதைப் பிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினர். இரவில் மெல்லக் கேட்கும்போது ஏற்றிய குமிழைப் பகலில் மறந்துவிட்டால் பழைய இடியே மீளும்.

பழைய இசைத்தட்டுகளுக்கு நாம் பெட்டியை நிறுத்திவிடுகிறோம். 1925இல் மின்வழிப் பதிவு வருமுன் கூம்புக் குழாயின்முன் பாடிப் பதித்த தட்டுகளில் மிகத் தாழ்ந்த ஒலி இல்லை. பெட்டி அங்கே எழுப்புவது தட்டைச் சுழற்றும் பொறியின் உறுமலை மட்டுமே.

அண்டைவீட்டாரின் சுவரைப் பற்றியும் ஒரு சொல். பெட்டிக்கடியில் ரப்பர்த் திண்டு இட்டோம். அது தரைவழி செல்லும் அதிர்வைச் சிறிது தணிக்கும். காற்றுவழிச் சென்று சுவரை அசைக்கும் ஒலியை அதனால் தடுக்க இயலாது. ஆகவே புதிய அமைப்பில் பாடலை ஒலிக்கவிட்டு, மூதாட்டியாரின் இசைவுடன் அவர் வீட்டில் நாமே சுவரில் கைவைத்துப் பார்த்தோம். கிண்ணங்கள் அசையவில்லை. இரவு ஒன்பதுக்குமேல் பெட்டியை அணைத்துவிடுவதாகவும் ஒப்புக்கொண்டோம். அணைத்தபின் ஒலி சற்று மெலிந்திருக்கும், அவ்வளவே.

தமக்கையார் அன்று பாடல் முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி வேலைசெய்கிறதா என்று கேட்டோம். “எந்தப் பெட்டி?” என்றார். பின்னர், பாடலின் இரண்டாம் சரணத்தில் வரும் ஒரு சொல்லைக் குறிப்பிட்டு, அது ளகரமா ழகரமா என்று நம்மையே கேட்டார். ழகரம் என்றோம்.