மாணிக்கத்துக்கு ஒரு கைதட்டல்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளில் ஏ ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே, தோழிகளே!

இலக்கிய மேடையில் சீரியல் நடிகரைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்: ‘மெட்டி ஒலி’ மாணிக்கத்தை உங்கள் வீட்டில் யாருமே திட்டியதில்லையா?

2002 முதல் 2005 வரை சன் டிவியில் வந்த தொடர். இயக்கியவர் திருமுருகன். அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை, கட்டிய மனைவி சரோவை வாட்டி எடுக்கிற கணவன், அதுதான் மாணிக்கம். நடித்தவர் சேத்தன். அம்மா ஏதாவது ஓதுவார். பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த முகம் மனைவி பக்கம் திரும்பும்போது அப்படியே இறுகிவிடும். கவனியுங்கள், மாணிக்கம் தன்னைக் கெட்டவன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நல்ல பிள்ளையாக நடந்துகொள்வதாகத்தான் நம்பினான். அதனால்தான் நமக்கு அவ்வளவு கோபம் வந்தது. அப்படி ஒருவர் நம் சொந்தத்திலேயே இருந்தாரே!

2023இல் வெற்றிமாறனின் ‘விடுதலை’ படம் வந்தது. நல்லது செய்த போலீஸ் டிரைவர் குமரேசனை மன்னிப்புக் கேட்கச் சொல்லி வதைக்கிற அதிகாரி, அதே சேத்தன். அந்த அதிகாரியும் ஒழுங்கைக் காப்பாற்றுவதாகவே நம்புகிறார். செய்யாத தப்புக்கு சூப்பர்வைசர் முன்னால் தலைகுனிந்து நின்றவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே ‘ஜமா’ படத்தில் தெருக்கூத்து வாத்தியார் தாண்டவமாக வந்தார். கூத்து பார்த்து வளர்ந்த வடதமிழகத்துக்காரர்கள் நாம். நம் கண்ணுக்கும் அவர் வாத்தியாராகவே தெரிந்தார்.

உடனே சினிமா ரசிகர்கள், “யாருப்பா இந்த நடிகர்?” என்று கேட்டார்கள். தொண்ணூறுகளில் அவர் நடித்த ‘மர்மதேசம் – விடாது கருப்பு’ தொடரைப் பார்த்தவர்களைக் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்கள்! வெள்ளித்திரை கண்டுபிடித்த பிறகுதான் ஒருவர் நடிகர் ஆகிறார் என்றால், நம் அம்மாக்கள் இத்தனை வருஷம் பார்த்தது நடிப்பில்லாமல் வேறு என்ன?

சீரியலில் தினமும் ஒரு எபிசோடு கொடுத்தாக வேண்டும். செதுக்கிச் செதுக்கி நடிக்க நேரம் கிடையாது. நாள்தோறும் டார்கெட் முடிக்கிற உங்களுக்கு அந்த அவசரம் தெரியும். அதிலும் தரம் குறையாமல் நின்றவர் சேத்தன்.

ஆகவே தோழர்களே, படத்துக்கு எழுதுகிற விமர்சனத்தைச் சீரியலுக்கும் எழுதுங்கள். ‘அந்த மாணிக்கம்’ என்று சொல்லி நிறுத்தாதீர்கள். சேத்தன் என்று பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள்.