மதிலும் ஆலயமே
(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



தென்காசித் திருக்கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டிய மன்னனின் பெயரை அறியாதார் இப்பகுதியில் இலர். வடகாசி சென்று விசுவநாதப் பெருமானை வழிபட இயலாத தென்னாட்டு அடியார் பொருட்டு இங்கோர் ஆலயம் எழுப்புக என இறைவனே அவன் கனவில் தோன்றிப் பணித்ததாகத் தலவரலாறு கூறும். 1446-ஆம் ஆண்டில் தொடங்கிய அத்திருப்பணி அவன் வாழ்நாள் முழுவதையும் கொண்டது. கோபுரப் பணி அவன் தம்பி காலத்திலேயே நிறைவெய்தியது.

கோயில் கட்டிய மன்னர் தமிழகத்திற் பலர். பராக்கிரம பாண்டியனோ பிறர் செய்யாத ஒன்றைச் செய்தான். பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவருடைய அடியில் தான் வீழ்ந்து வணங்குவதாகக் கல்லிற் பொறித்து வைத்தான். முடிதரித்த வேந்தன், இன்னும் பிறவாத யாரோ ஒருவரின் காலில் வீழ்கின்றான்! அவ்வொருவர் அரசராயிருத்தல் வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. செல்வராயிருத்தல் வேண்டும் என்றும் கேட்கவில்லை. காப்பவராயிருந்தாற் போதும்.

அவன் அஞ்சிய குறை நேரவும் செய்தது. இராசகோபுரம் சிதைந்து, பன்னெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்றது. அன்பர்கள் ஒன்றுகூடி ஒன்பது நிலைகளுடன் ஏறத்தாழ 180 அடி உயரத்திற்கு மீண்டும் அதனை எழுப்பினர். 1990-ஆம் ஆண்டில் குடமுழுக்கும் இனிது நிகழ்ந்தது. சிதைந்ததை மீட்டுக் கட்டுதல் ஒருவகைக் காப்பு. சிதையாதவாறு முன்னரே தடுத்தல் மற்றொரு வகைக் காப்பு. முன்னதற்குக் கல்வெட்டும் பெயர்ப்பலகையும் உண்டு. பின்னதற்குப் பெரும்பாலும் அவை இல்லை. ஆதலின் பின்னதைப் பற்றி ஈண்டுச் சிறிது சிந்தித்தல் தகும்.

ஆலயமும் மதிலும்

திருக்கோயிலை இறைவனின் திருமேனியாகவே காண்பது ஆகம மரபு. கருவறை திருமுடி எனவும் கோபுரம் திருவடி எனவும் பெரியோர் கூறுவர். ஆகவே தொலைவில் நின்று கோபுரத்தைக் கண்டு கைகூப்புவோனும் இறைவன் திருவடியைத் தொழுதவனே ஆகிறான். இவ்வாறாயின், திருச்சுற்றும் திருமதிலும் தேரோடும் வீதியும் அத்திருமேனிக்குப் புறம்பானவை ஆகுமா?

திருக்குற்றாலத்தைக் காண்க. குற்றாலநாதர் ஆலயம் சங்கின் வடிவில் அமைந்தது. அருவியின் ஓசை கேட்கும் இடத்தில் இறைவன் சங்கினுள் எழுந்தருளியிருப்பதாகவே அடியார் உணர்வர். அவ்வடிவத்தைத் தருவது எது? வளைந்து செல்லும் சுற்றே அதனைத் தருகிறது. ஒரு பக்கத்துச் சுவரைப் பத்தடி உள்ளே தள்ளி நேராக்கினால் கருவறைக்கு ஊறு நேராது, பூசையும் தடைப்படாது, ஆயினும் சங்கு போய்விடும். மதிலை வெறுஞ்சுவர் என எண்ணுவோர் இதனை ஆய்ந்து பார்த்தல் வேண்டும்.

சாலையும் அறமே

சாலை அமைத்தல் பாவமன்று. வழி அமைத்தலும், நிழல்தரும் மரம் வைத்தலும், சாவடி கட்டுதலும், தண்ணீர்ப் பந்தல் நடத்துதலும் தமிழகத்திற் பழைய அறங்கள். இராணி மங்கம்மாளின் பெயரை இன்றும் மக்கள் வாயில் நிறுத்தியிருப்பது மங்கம்மாள் சாலையே. திருநெல்வேலியிலிருந்து வரும் சாலையும், செங்கோட்டை வழியே ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கொல்லம் செல்லும் சாலையும் இல்லையாயின், குற்றாலச் சாரலுக்கும் தென்காசித் தரிசனத்திற்கும் இத்துணை மக்கள் வந்து சேரார்.

எனவே சாலையும் அறம், ஆலயமும் அறம். இவ்விரண்டும் ஒன்றையொன்று முட்டும்போது என் செய்வது? வரைபடத்தில் நேர்கோடு இழுப்பவருக்கு மதில் ஒரு தடையாகத் தோன்றும். அது தடையன்று என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் அவ்வாலயத்து அடியாரே. அவ்வாறு எடுத்துச் சொல்லி, சொல் பயன்படாத போது தம் உடலையே ஈடாக வைக்க முன்வந்து, இடிந்த மதிலை மீண்டும் எழச் செய்த அடியார் கூட்டம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அவ்வரலாறு தில்லியில் நிகழ்ந்தது.

தில்லியில் நிகழ்ந்தது

சீக்கியர்களின் ஒன்பதாம் குருவாகிய தேக் பகதூர், 1675-ஆம் ஆண்டில் ஔரங்கசீப் ஆட்சியில் தில்லிச் சாந்தினி சௌக்கில் சிரச்சேதம் செய்யப்பட்டார். காஷ்மீரத்து அந்தணர் தம் சமயத்தைக் காக்குமாறு முறையிட, அவர் பொருட்டுத் தம் தலையைக் கொடுத்தார் என்று சீக்கிய மரபு போற்றும். அவருடைய திருமுடியை ஓர் அன்பர் மறைவாக ஆனந்தபூருக்குக் கொண்டு சென்றார். உடலை லக்கி ஷா என்னும் வணிகர் தம் வண்டியில் மறைத்து, ரைசினா என்னும் சிற்றூரிலிருந்த தம் இல்லத்திற்குக் கொண்டுவந்தார். வெளிப்படையாக ஈமக்கடன் செய்தல் இயலாது. ஆகவே உடலை வீட்டினுள் வைத்து, வீட்டிற்கே தீயிட்டார். பொருளனைத்தும் வெந்தன, குருவின் உடலும் தூய தீயில் கலந்தது. அவ்விடத்தில் 1783-ஆம் ஆண்டில் பகேல் சிங் என்னும் சீக்கியத் தலைவர் எழுப்பிய வழிபாட்டிடமே ரகாப் கஞ்ச் குருத்துவாரா.

1911-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இந்தியத் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றினர். ரைசினாக் குன்றைச் சுற்றிப் புதுநகரம் எழலாயிற்று. அகன்ற சாலைகள் நேர்நேராக வகுக்கப்பட்டன. அத்தகைய சாலை ஒன்றிற்கு ரகாப் கஞ்ச் குருத்துவாராவின் மதில் குறுக்கே நின்றது. அரசு நிலத்தைக் கையகப்படுத்தியது. அந்நாளில் அவ்விடத்தைத் தம் பொறுப்பில் வைத்திருந்த மகந்து எதிர்த்து நிற்கவில்லை. 1914-ஆம் ஆண்டில் மதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.

கருவறைக்கு ஒப்பான வழிபாட்டிடத்தை எவரும் தொடவில்லை. இடிந்தது சுற்றுச் சுவர் மட்டுமே. இதற்காகவா மனம் வருந்துவது என்று கேட்டவர்களும் இருந்தனர். சீக்கியப் பெருந்தலைவர் சிலரே அரசோடு இணங்கிப் போக விரும்பினர். பொதுமக்களோ அவ்வாறு எண்ணவில்லை. தம் வீட்டையே சிதையாக்கிய ஓர் அன்பரின் மண் அது; அம்மண்ணில் ஓரடியும் அயலாருக்கு உரியதன்று என்றனர். ஊர்தோறும் கூட்டங்கள் கூடின. தந்திகளும் விண்ணப்பங்களும் பறந்தன. அவ்வாண்டிலேயே முதல் உலகப்போர் மூண்டது. கிளர்ச்சி ஒத்திவைக்கப்பட்டது; மதில் இடிந்தபடியே கிடந்தது.

போர் முடிந்தது. ஆயிரக்கணக்கான சீக்கிய வீரர் அயல்நாட்டுப் போர்க்களங்களில் உயிர் ஈந்திருந்தனர். மதிலோ எழவில்லை. 1920-ஆம் ஆண்டில் சர்தூல் சிங் கவீசர் என்பார் 'அகாலி' என்னும் நாளிதழ் வாயிலாக ஓர் அழைப்பு விடுத்தார். தில்லிக்குச் சென்று இடிந்த மதிலைத் தம் கையாலேயே கட்டுவதற்கு நூறு பேர் வேண்டும். தடுத்தால் உயிர் கொடுக்கவும் அவர்கள் ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்பதே அவ்வழைப்பு. பிறர் உயிரை வாங்கும் படையாக இன்றித் தம் உயிரைத் தருவதற்கே திரளும் படையாக அது அமைந்தது. நூறு பேர் கேட்ட இடத்தில் பலநூறு பேர் பெயர் கொடுத்தனர்.

பின்னர் நிகழ்ந்தது வியப்புக்குரியது. அத்தொண்டர் படை தில்லிக்குப் புறப்படுமுன்னரே அரசு மதிலை மீண்டும் எழுப்பியது. ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை. புதுதில்லியின் சாலைகள் அமைந்தன; பாராளுமன்ற மாளிகையும் அருகே எழுந்தது; அதன் பக்கத்திலேயே ரகாப் கஞ்ச் குருத்துவாராவும் இன்றுவரை விளங்குகிறது. மதிலை விட்டுக்கொடுத்தாலன்றி நகரம் அமையாது என்று சொல்லப்பட்டது உண்மையன்று என்பதற்கு அம்மதிலே சான்று.

இவ்வரலாற்றின் பயன் மதிலோடு நிற்கவில்லை. முதல் விரிசல் மதிலில் விழுந்ததன்று, காவலர் மௌனத்தில் விழுந்தது என்பதை அடியார் உணர்ந்தனர். 1920-ஆம் ஆண்டிலேயே குருத்துவாராக்களை அடியார் குழுவே நிர்வகிக்கும் அமைப்புத் தோன்றியது. 1925-ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டமும் பிறந்தது.

கான்பூரும் தாராவும்

ஏறத்தாழ அதே காலத்தில் கான்பூரிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. ஆனால் அதன் விலை பெரிது. 1913-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், புதிய சாலைக்காக மச்சிலி பசார் பள்ளிவாசலின் கைகால் அலம்பும் இடம் இடிக்கப்பட்டது. ஆகஸ்டு 3-ஆம் நாள் மக்கள் திரண்டு, சிதறிக் கிடந்த செங்கற்களைத் தம் கையாலேயே அடுக்கத் தொடங்கினர். போலீசாரோடு மோதல் விளைந்தது, கற்கள் பறந்தன, துப்பாக்கிகள் முழங்கின, பலர் மாண்டனர். அக்டோபரில் வைசிராய் ஆர்டிஞ்சு பிரபு நேரில் வந்தார். சிறைப்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். வளைவுகளின்மேல் அவ்விடம் உயர்த்திக் கட்டப்படுதல் வேண்டும், அதன் கீழே மக்கள் நடந்து செல்லும் வழி அமைதல் வேண்டும் என முடிவாயிற்று. மேலே வழிபாடு, கீழே வழி! இத்தீர்வை முன்னரே எண்ணியிருந்தால் அத்தனை உயிர்கள் போயிரா.

வெற்றி எய்தாத முயற்சியும் உண்டு. அயர்லாந்து நாட்டில் தாரா என்னும் குன்று பழைய அரசர்களின் முடிசூட்டுத் தலமாகப் போற்றப்படுவது. அதனையொட்டிய பள்ளத்தாக்கில் பெருஞ்சாலை அமைக்க 2003-ஆம் ஆண்டில் ஒப்புதல் கிடைத்தது. 2007-ஆம் ஆண்டில் சாலைப் பாதையிலேயே, லிசுமல்லின் என்னுமிடத்தில், பழங்காலத்து வட்ட வடிவக் கூடுமிடம் ஒன்று மண்ணினடியிற் கண்டறியப்பட்டது. அன்பர்கள் அங்கே பாடி இறங்கி இயந்திரங்களை மறித்தனர். ஒரு பெண்மணி சுரங்கம் தோண்டி அதனுள் தம்மை அடைத்துக்கொண்டார். ஆயினும் 2010-ஆம் ஆண்டில் சாலை திறக்கப்பட்டது. அவ்வட்டக் கூடுமிடம் அளந்து எழுதப்பட்ட ஏட்டில் மட்டுமே எஞ்சியது. ஒப்புதல் முற்றி இயந்திரம் வந்து நின்றபின் எதிர்ப்போர், எத்துணைத் துணிவுடையராயினும், ஆற்றின் நடுவே அணை கட்டுவோரை ஒப்பர்.

அடியார் கடன்

இனி, இவ்வரலாறுகளால் தென்காசியிலும் குற்றாலத்திலும் வாழும் அடியாரும் உபயதாரரும் பெறத்தக்கது யாது?

பழைய நினைவுச் சின்னங்களைக் காக்கும் மத்திய அரசின் சட்டம் 1958-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்திற்குத் தடை உண்டு. அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. ஆயினும் தமிழகக் கோயில்களிற் பெரும்பாலானவை மத்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளவை அல்ல. அவற்றிற்கு அச்சட்டம் வேலியாகாது. அடியாரின் விழிப்பே வேலி.

அவ்விழிப்புக்குச் சட்டமே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நிலம் எடுக்கும் கருத்தை அரசு முதலில் அரசிதழில் வெளியிடுதல் வேண்டும்; அதன் சாரம் இரண்டு நாளிதழ்களில், ஒன்றிலேனும் அவ்வட்டார மொழியில், வெளிவருதல் வேண்டும். அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் நிலத்தில் உரிமையும் தொடர்பும் உடையோர் தம் மறுப்பை எழுத்தில் தரலாம். அதிகாரி அவரை விசாரித்தே முடிவு செய்தல் வேண்டும். ரகாப் கஞ்சில் மகந்து வாய்மூடி இருந்தமையால் இழந்ததை மீட்க ஆறாண்டுகள் ஆயின. அந்த ஆறாண்டுத் துன்பத்தை 21 நாளில் தவிர்க்க இயலும். ஆனால் அதற்குக் கோயில் நிலத்தின் எல்லை ஆவணங்கள் அறங்காவலர் கையில் ஒழுங்காக இருத்தல் வேண்டும். திருவிழாவிற்கும் திருப்பணிக்கும் உதவும் செல்வர், நில அளவைக்கும் ஆவணப் பேணுதலுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவாராயின், அதுவும் திருப்பணியே ஆகும்.

ஓசையின்றி நேரும் கேடும் ஒன்று உண்டு. ஆலய வீதியில் பழைய தளத்தின்மேலேயே புதிய தார்த்தளம் இடுவர். ஒவ்வொரு முறையும் வீதி சில அங்குலம் உயரும். நாளடைவில் வாயிற்படி தாழ்ந்து, மழைநீர் கோயிலுள் புகும். மதிலை எவரும் இடிக்கவில்லை. ஆயினும் கோயில் மண்ணுள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தளம் இடுதல் வேண்டும் என்று வேலை தொடங்கும் அன்றே கேட்பதற்கு உயிர்த்தியாகம் வேண்டுவதில்லை. வீதியில் ஒருவர் நின்று கேட்டால் அமையும்.

கேட்டும் பயனில்லையாயின்? அப்போதும் அடியார்க்கு உரிய வழி ஒன்றே. கல்லெறிதலும் பிறரைப் பகைத்தலும் சைவநெறிக்கு ஒவ்வா. சாலைப் பணியாளரும் கூலிக்கு உழைக்கும் ஏழையரே. அதிகாரியும் மாலையில் அதே கோபுரத்தைத் தொழுபவராயிருத்தல் கூடும். ஆகவே துன்பத்தைப் பிறர்க்குத் தாராது தாமே ஏற்று, மதிலின் முன்னே அமைதியாக நின்று, மாற்று வழியையும் கையிற் கொண்டு வேண்டுதலே அறப்போர். நூறு பேர் அவ்வாறு நிற்கத் துணிந்தபோது ஒரு பேரரசே செங்கல் எடுத்து வந்தது.

கலசத்தின்மீது புனிதநீர் சொரியும் இந்நன்னாளில் கோபுர உச்சியை நோக்கிக் குவியும் கைகள், மறுநாள் காலை மதிலின் அடியையும் ஒருமுறை நோக்குக. காப்பவர் எவராயினும் அவர் அடியில் பாண்டிய வேந்தனின் முடி வணங்கிக் கிடக்கிறது. அவ்வணக்கத்திற்குத் தகுதியுடையோராய் அடியார் பெருகுக! குழல்வாய்மொழி அம்மை உடனாய குற்றாலநாதரும், உலகம்மை உடனாய காசி விசுவநாதரும் யாவரையும் காத்தருள்க!

திருச்சிற்றம்பலம்