மதகின் சங்கிலியும் லஸ்கரின் பணியிடமும்

(திருவனந்தபுரத்தில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அருவிக்கரை அணையின் ஷட்டர்கள் உயர்த்தப்படுகின்றன என்ற அறிவிப்பின் பொருளைக் கரமனையாற்றின் கரையில் வாழ்வோர் நன்கு அறிவர். அணை நீரைத் தேக்குகிறது. அந்த அணையைக் காப்பவை உபரிநீரை உரிய நேரத்தில் வெளியேற்றும் மதகுகள். கால்வாயிலும் அவ்வாறே. மிகைநீரை ஓடைக்குத் திருப்பும் வடிமதகு அடைபட்டால் கரை உடையும், வயல் அழியும். ஏரிக்குக் கலிங்கு அமைத்த நம் உழைப்பாளி முன்னோர் இதனை அறிந்திருந்தனர்.

2022 செப்டம்பர் 21 அதிகாலையில், பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடுமதகு, சங்கிலி அறுந்து பெயர்ந்தது. விநாடிக்கு ஏறத்தாழ 20 ஆயிரம் கன அடி நீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. அணை நிற்பது பாலக்காடு மாவட்டத்தில். அதனைப் பராமரிப்பது தமிழ்நாடு அரசு. பாசன நீரை இழந்தவர்கள் கோவை, திருப்பூர் மாவட்ட விவசாயிகள். வெள்ள எச்சரிக்கைக்கு ஆளானவர்கள் திருச்சூர் மாவட்ட மக்கள். நீர்ப்பங்கீட்டை வைத்து இரு மாநில மக்களையும் மோதவிடும் இனவெறி அரசியலுக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுமோ?

2024 ஆகஸ்ட் 10 இரவு, துங்கபத்திரை அணையின் 33 மதகுகளில் 19ஆவது மதகும் சங்கிலி அறுந்தே அடித்துச் செல்லப்பட்டது. பாய்ந்தோடும் நீருக்கு நடுவே எஃகுத் தடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, ஒரு வாரத்தில் நீரிழப்பைத் தடுத்தவர்கள் பொறியாளர்களும் தொழிலாளர்களுமே. ஆனால் அத்தடுப்புகள் விபத்திற்குப் பின்னரே அவசரமாகச் செய்யப்பட்டன.

சங்கிலி ஒரே இரவில் தேய்வதில்லை. துரு அகற்றுதல், மசகிடுதல், ஷட்டரை ஏற்றி இறக்கிச் சோதித்தல் ஆகியவை அன்றாடப் பணிகள். அப்பணிகளைச் செய்யும் லஸ்கர், கரைக் காவலர், மின்பணியாளர் ஆகியோரின் இடங்களை நிரப்பாமல் விடுவதும், ஒப்பந்த முறைக்கு மாற்றுவதும் சிக்கனம் ஆகா. ஆபத்தை ஆற்றோர மக்களின் தலையில் ஏற்றுவதாகும்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு நடத்துவதைக் கட்டாயமாக்குகிறது. பராமரிப்புக்குத் தனி நிதி ஒதுக்குமாறும் கூறுகிறது. நிதிச்சுமையை மாநிலங்கள் மீது சுமத்திவிட்டு, அதிகாரத்தை மட்டும் தில்லியில் குவிப்பதால் எந்தச் சங்கிலியும் வலுப்பெறாது.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. ஆய்வறிக்கைகளை மக்கள் மொழியில் வெளியிடுக! காலிப் பணியிடங்களை நிரந்தர ஊழியர்களால் நிரப்புக! மாற்றுத் தடுப்புகளை ஒவ்வோர் அணையிலும் ஆயத்தமாக வைத்திடுக! இக்கோரிக்கைகளைக் கேரள, தமிழக விவசாயிகளும் பொதுப்பணி ஊழியர்களும் ஒரே மேடையில் நின்று எழுப்ப வேண்டும். அம்மேடையை அமைப்பது நமது கடமை.