சிகரத்தில் சிரசாசனம்

பாகூர், வில்லியனூர் பிள்ளைகள் மலையைப் பார்க்க வேண்டுமென்றால் செஞ்சிப் பக்கம்தான் போகணும். அவர்களுக்கு ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல ரொம்ப நாளாக ஆசை.

குர்தயால் சிங். டேராடூனில் டூன் பள்ளியின் புவியியல் ஆசிரியர். பாடத்தில் படித்த இமயமலைக்கே மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனவர். 1951-இல் 7,120 மீட்டர் உயரமுள்ள திரிசூல் சிகரத்தில் ஏறினார். காற்று மெலிந்து மூச்சு வாங்குகிற இடம் அது. அங்கே என்ன செய்தார் தெரியுமா? சிரசாசனம்! நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது, இல்லையா?

1965-இல் எவரெஸ்ட்டை வென்ற இந்தியக் குழுவிலும் இருந்தார். இவ்வளவு பேர் வாங்கிய பிறகும் பள்ளிக்கூடத்திலேயே பாடம் நடத்தினார் பாருங்கள், எனக்கு எவரெஸ்ட்டை விட அதுதான் பெரிசு. 2023-இல், 99 வயதில் மறைந்தார்.