நாய்க்கும் ஒரு கல்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் கவர வந்தவர்களோடு போராடி உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுக்கப்பட்டது அது. அவனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அது காவல் நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. நாயின் பெயரைக்கூட மறக்கக்கூடாது என்று நினைத்த அந்த மனசை எண்ணிப் பாருங்கள்! பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் பெயரும் அதில் உண்டு. ஆனால் அவனது 34ஆம் ஆட்சியாண்டு என்று காலத்தைக் குறிப்பதற்குத்தான். கல் மாடு காத்தவனுக்கும் நாய்க்கும் உரியது. வெறும் அழகுக்காகச் செய்த சிற்பமில்லை இது. இன்றும் தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள்.