செதில் தோலும் கண் இமையும்
(வேதாரண்யத்தில் பேசியது)



பிறவியிலேயே வரும் ஒரு தோல் வியாதியைப் பற்றியும், அதனால் கண்ணுக்கு நேரும் கேட்டைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்லுகிறேன். உடம்பெல்லாம் மீன் செதில்போல் தோல் தடித்து உரியும் குழந்தைகள் அபூர்வமாய்ப் பிறப்பதுண்டு. அதைப் பார்த்ததும் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? “பாம்பை அடித்த பாவம், நாக தோஷம்” என்கிறார்கள். இல்லாவிட்டால், “கிரகணத்தில் வெளியே வந்தாள்” என்று பெற்றவள் தலையில் பழியைப் போடுகிறார்கள்.

உண்மை என்ன? மேல்தோலைப் பிணைத்து உறுதியாக்கும் ஒரு பொருளை உடம்பு சரிவர உண்டாக்காததே இவ்வியாதியின் ஒரு முக்கிய வகைக்குக் காரணம் என்று 1995இல் விஞ்ஞானிகள் கண்டார்கள். அந்தக் குறை தாயிடம் மாத்திரம் இருந்தால் குழந்தைக்கு வியாதி வராது. தகப்பனிடமும் அதே குறை மறைந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 4இல் 1 பங்கு அபாயம் உண்டு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கொள்ளும் வீடுகளில், பாட்டன் சொத்து வந்து சேருவதுபோல அவன் குறையும் இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்துவிடுகிறது. பாம்புக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறேன்.

இனிக் கண்ணைக் கவனியுங்கள். முகத்துத் தோல் வறண்டு இறுகும்போது கீழ் இமையை வெளிப்புறமாக இழுத்துப் பிதுக்கிவிடுகிறது. தூங்கும்போதுகூடக் கண் மூடுவதில்லை. உப்பளத்துப் பாத்தி வெயிலில் காய்வதைப்போல் கருவிழி காய்கிறது, புண்ணாகிறது, பூ விழுகிறது, பார்வை போகிறது.

இதைத் தடுக்க வழி உண்டு. முகத்தோல் வறளாமல் பசைக் களிம்பு, பகலில் கண்ணுக்குச் சொட்டு மருந்து, இரவில் கண் களிம்பு. அப்படியும் இமை இழுபட்டே நின்றால் ரண சிகிச்சை. இமையோரத்தில் இறுகிய தோலைக் கீறித் தளர்த்தி, இமையை அதன் இடத்தில் நிறுத்தி, காதின் பின்புறத்திலிருந்தோ புஜத்தின் உட்புறத்திலிருந்தோ எடுத்த தோலை ஒட்டுப்போட்டுத் தைக்கிறார்கள். தோலின் குணம் மாறாததால் பின்னால் மறுபடியும் இமை இழுக்கலாம். மறுபடியும் செய்ய வேண்டியிருக்கலாம். செதில் அடியோடு தீரும் என்று நான் சொல்லவில்லை. காலத்தில் போனால் கண்ணைக் காப்பாற்றலாம் என்றுதான் சொல்லுகிறேன்.

1819இல் ஏற்பட்ட அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி சென்னை எழும்பூரில் இருக்கிறது. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு துவங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடிக்கரைக் கடலில் முழுக்காட்டத் தூக்கிப் போகும் குழந்தையை, ஒரு கண் வைத்தியரிடம் தூக்கிப் போகக் கூடாதா? காய்கின்ற கருவிழி அமாவாசைக்குக் காத்திருக்குமா?

ஆகவே தோழர்களே, பெற்றவளைப் பழிப்பதை விட்டு, பிள்ளையின் கண்ணைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.